இடது ஓரத்து சைக்கிளின் சீட்டு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. நகரப் போக்குவரத்து அலுவலகம் ஓர் ஆய்வை முடித்து வைத்திருந்தது. தலைப்பு: ‘பகிர்மிதிவண்டிகளும் நகரச் சூழமைவும் செயலிவழி வாடகைச் சீருந்துத் தேவையின்மீது செலுத்தும் தாக்கம்.’ மூச்சு விடாமல் படித்துவிட்டீர்களா? நல்லது. மனிதர்கள் பேசுகிற மாதிரி சொன்னால், தெருமுனை ஸ்டாண்டில் சைக்கிள் கிடைத்தால் எத்தனை பேர் போனில் கார் கூப்பிடாமல் போகிறார்கள், வழியில் நிழல் இருந்தால் என்ன, மேடு இருந்தால் என்ன, இவ்வளவுதான். அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘மனதைத் தொடும் மனிதக் கதை’ ஒன்று வேண்டுமென்று போன் வந்தது. பேசிய அதிகாரி என்னை “எழுத்தாளர் அவர்களே” என்றார். எங்கள் வீட்டில் என்னை அப்படிக் கூப்பிடுவது, மின்விளக்கு மாற்றத் தெரியாமல் நான் விழிக்கும்போது மட்டும்தான். உச்சி குளிர்ந்து ஒப்புக்கொண்டேன்.

மனிதர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. என் அக்கா சைக்கிள் நிறுவனத்தில் வேன் ஓட்டுகிறாள். அவள் கணவர், என் அத்தான், போனில் கூப்பிட்டால் வருகிற கார் ஓட்டுகிறார். ஆய்வின் இரண்டு பக்கங்களும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகின்றன. நடுவில் நான், ரசப் பாத்திரம் மாதிரி.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“எழுதிக்கோ. ஆனா எங்களப் பாவம்னு எழுதினே, தொலைச்சிடுவேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் படிப்பேன்.”

ஆகவே அடைப்புக்குறிக்குள் அவள் குரல் கேட்டால் திடுக்கிட வேண்டாம்.

(‘வேன் ஓட்டுகிறாள்’னு மொட்டையா எழுதியிருக்கான். வேன் ஓட்டறது வேலைக்குப் போற வழி. வேலை வேற. — அக்கா)

2

முதல் தொடக்கம்: ‘விடிந்தும் விடியாத வேளை. நகரம் இன்னும் உறங்கிக்கொண்டி—’

விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் உறங்கிக்கொண்டிருப்பது நான்தான். நகரத்தின் மேல் பழி போடுவானேன்?

இரண்டாவது தொடக்கம்: ‘இரண்டு சக்கரங்களுக்கும் நான்கு சக்கரங்களுக்கும் இடையே மலர்ந்த—’

இது அதிகாரிக்கு மிகவும் பிடித்திருக்கும். அதனாலேயே அடித்தேன்.

மூன்றாவது, தொடக்கமே இல்லை, வெறும் விவரம். ரயில் நிலைய வாசலில் ஒரு சைக்கிள் ஸ்டாண்ட் இருக்கிறது. காலையில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு சைக்கிளை உருவிக்கொண்டு அலுவலகத் தெருவுக்குப் போய்விடுவார்கள். சற்று நேரத்தில் வாசல் ஸ்டாண்ட் காலி. அலுவலகத் தெரு ஸ்டாண்டில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். குவிந்த இடத்தில் எடுத்து, காலியான இடத்தில் வைப்பது அக்காவின் வேலை. வேனில் ஏற்றுவதும் இறக்குவதும் அவள் கைதான். ஏற்றும்போது செயின், பிரேக், மணி எல்லாவற்றையும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பாள். சீட்டை நடுக்கோட்டுக்கு இறக்கி இறுக்குவாள். குழாயில் வெள்ளைக் கோடு ஒன்று உண்டு. சீட்டு அங்கேதான் இருக்க வேண்டும் என்பது நிறுவன விதி. அக்காவைப் பொறுத்தவரை அது இயற்கை விதி.

“காலியா நின்னா அது ஸ்டாண்டு இல்லடா, வெறும் கம்பி. அதை ஸ்டாண்டு ஆக்கறதுதான் என் வேலை” என்றாள். இந்த வாக்கியத்தைச் செதுக்கிச் செதுக்கி நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். அவள் சொன்ன மாதிரியே விட்டுவிட்டேன்.

இப்போது வம்பு. அத்தான் ஓட்டுநர் சங்கத்துச் செயலாளர். சும்மா கிடைத்த பதவியல்ல, “வாசல் ஸ்டாண்டை எடுத்துக் காட்டறேன்” என்று சூளுரைத்து வென்ற பதவி. ரயிலை விட்டு வெளியே வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது சைக்கிள் வரிசை. அதைத் தாண்டி, வளைவுக்கு அப்பால்தான் கார்கள். ஸ்டாண்டைப் பின்வாசலுக்கு மாற்றினால் சவாரி திரும்பி வரும் என்பது சங்கத்தின் கணக்கு. ஆனால் பின்வாசலில் இறங்குகிற ஆளே கிடையாது. வாசல் ஸ்டாண்ட் போனால் அக்காவின் வேனும் போகும். அந்த ஸ்டாண்டுக்கென்று கொடுத்த வேன் அது என்று நிறுவனம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. ஸ்டாண்ட் போகாவிட்டால் அத்தானால் சங்கத்தில் தலை காட்ட முடியாது.

அதாவது ஒரே வீட்டில் ஒருவர் பெருமைதான் மிஞ்சும். விசாரணைக்கு நகர அலுவலகம் நாள் குறித்தது. சங்கத்தின் சார்பில் பேசுவது அத்தான். சைக்கிள் நிறுவனத்தின் சார்பில் பேச வேண்டிய மேலாளருக்கு அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. அனுப்பியது அக்காவை.

“என்ன பேசப்போறே?” என்று சாப்பாட்டு மேசையில் அத்தான் கேட்டார்.

“நீங்க என்ன பேசப்போறீங்கன்னு நான் கேட்டேனா?”

“நான் பேசினா எதிர்த்தரப்பு எழுந்து ஓடிடும்.”

“எங்கே ஓடும்? உங்க கார்லதான ஏறணும்.”

“மச்சான், இதை எழுதாதே” என்றார் அத்தான் என்னிடம்.

3

அத்தானைப் பற்றி ஒரு விவரம் சொல்லாமல் கதையை நகர்த்த முடியாது: உயரம். வீட்டு நிலைவாசலில் குனிந்துதான் நுழைவார். காரில் தன் இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருப்பார்; அவருக்குப் பின்னால் உட்காருகிற பயணி முழங்காலை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த உயரத்தை அவர் தன் சாதனை மாதிரித்தான் நடத்துவார்.

எங்கள் சந்தில் கார் நுழையாது. ஓட்டுநர்கள் பலரும் எங்களைப் போலவே ரயில் நிலையத்தைச் சுற்றிய சந்துகளில்தான் குடியிருக்கிறார்கள். கார்களைக் கால்வாய்க்கு அப்பால், கிடங்குகளை ஒட்டிய மைதானத்தில் நிறுத்துவார்கள். தினமும் விடியற்காலையில் சங்கத் தொப்பியை மாட்டிக்கொண்டு அத்தான் மைதானத்துக்குக் கிளம்புவார். “நடந்தே போறேன். உடம்புக்கு நல்லது” என்பார். நல்ல தூரம். நடந்து போகிறவருக்கு வியர்க்க வேண்டும். இவர் போய்ச் சேர்ந்ததும் போனில் பேசும் குரலில் மூச்சுகூட வாங்காது. இதை நான் கவனித்தேன் என்று எழுதினால் கெட்டிக்காரன் ஆவேன். இல்லை, கவனிக்கவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா பொரிந்தாள்.

“மைதானத்து மதிலோரம் தினமும் ஒரு வண்டி நிக்குதுடா. சீட்டை உச்சிக்குத் தூக்கி வெச்சுட்டுப் போயிடறான் எவனோ ஒரு ஒட்டகச்சிவிங்கி. தூக்கினவனுக்கு இறக்கி வைக்கத் தெரியாதா?”

அத்தான் தண்ணீர் கேட்டார். தண்ணீர் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“சீட்டை இறுக்கற திருகுமறை வேற சரியா பிடிக்காது அந்த வண்டிகள்ல” என்றாள் அக்கா, சோற்றைப் பிசைந்தபடி. “போற வழில சீட்டு இறங்கி, அந்த ஆளுக்கு இடுப்பு போயிடும். எனக்கென்ன.”

ஒரு கதாசிரியனாக இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. அக்காவுக்குத் தெரியுமா? தனியாகக் கேட்டேன்.

“எது தெரியுமா?”

“அந்த ஒட்டகச்சிவிங்கி யாருன்னு.”

“சீட்டு நடுக்கோட்டுல இருக்கணும்னு தெரியும். வேற எதுவும் எனக்குத் தெரியாது. நீ போய் உன் வேலையைப் பாரு, எழுத்தாளர் அவர்களே.”

4

ஆய்வை நடத்திய ஆராய்ச்சிக்காரரை முதல் வரைவில் கோமாளியாக எழுதியிருந்தேன். குட்டையான டை, நீளமான வாக்கியம், வண்ண வண்ண வரைபடம். சுலபமான வேலை. பிறகு அவரோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்தபோது வயிற்றெரிச்சலான ஒரு விஷயம் தெரிந்தது: மனிதர் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ரயில் வாசலிலிருந்து அலுவலகத் தெருவரை வழி சமதளம், இரண்டு பக்கமும் மரம். அங்கே சைக்கிள் கார்ச் சவாரியைத் தின்றுவிடுகிறது. அத்தான் சொல்வது அந்த மட்டில் உண்மை. “எங்க சைக்கிளால உங்களுக்கு ஒண்ணும் குறையல” என்று அக்கா சொல்வது பொய். ஆனால் மருத்துவமனை மேட்டில் கதை வேறு. மேலிருந்து சைக்கிளில் சறுக்கி வருகிறவர்கள் உண்டு, கீழிருந்து மிதித்து ஏறுகிறவர் இல்லை, ஏறுவதற்கெல்லாம் கார். “சைக்கிள் வந்ததுலேர்ந்து எல்லாச் சவாரியும் போச்சு” என்கிற அத்தானே பாதி நாள் அந்த மேட்டில்தான் ஓட்டுகிறார். ஆக, அந்த வாக்கியமும் பொய். என் குடும்பத்தை நான் விட்டுக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். இரண்டு பேரும் அரை அரையாகச் சரி. சேர்த்தால் முழுசு.

ஆராய்ச்சிக்காரர் சறுக்கியது ஒரே இடத்தில்தான். கால்வாய்ப் பக்கம் நிழல் கிடையாது, லாரித் தூசி. யாரும் சைக்கிளில் போகக்கூடாத சூழல். ஆனாலும் விடியற்காலையில் வாசல் ஸ்டாண்டிலிருந்து ஒரு சைக்கிள் கூட்டமே அந்தத் திசையில் போகிறது, சாயங்காலம் திரும்புகிறது. வரைபடத்தில் எறும்பு வரிசை மாதிரி புள்ளிகள்.

“இதுக்கு என்ன காரணம் சார்?”

“நீர்முக ஈர்ப்பு” என்றார் பெருமையோடு. “நீர்நிலையின் அருகாமை மனித மனத்தைத் தன்பால் இழுக்கும்.”

அந்தக் கால்வாயைப் பார்த்தவர்கள், முக்கியமாக முகர்ந்தவர்கள், இதைக் கேட்டுத் தேம்பியிருப்பார்கள். நான் தலையாட்டிக் குறித்துக்கொண்டேன். எனக்கும் வேறு காரணம் தெரியவில்லையே.

(நானும் முகர்ந்திருக்கேன். தினமும். — அக்கா)

5

விசாரணை. நகர அலுவலகத்தின் பெரிய அறை. மேசைமேல் பூ இல்லாத பூச்சாடி. தலைமை அதிகாரி அம்மாவின் முன்னால் ஆறிக்கொண்டிருக்கும் டீ. வலது பக்கம் சங்கத்துத் தொப்பிகள், முன்வரிசையில் தலைவர் ‘ஹாரன்’. அவர் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவில் வண்டி ஒதுங்கும். இடது பக்கம் சைக்கிள் நிறுவனத்துக்குப் போட்ட நாற்காலிகள். அதில் ஒன்றில் மட்டும் ஆள்: சீருடையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா.

ஆராய்ச்சிக்காரர் படம் காட்டினார். நீர்முக ஈர்ப்பு திரையில் மின்னியது. தொப்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் குனிந்து தத்தம் செருப்பைப் பார்த்தன. அவை ஏன் குனிந்தன என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அத்தான் எழுந்தார். விளக்கு அவர் தலைக்குக் கிட்டே வந்த மாதிரி இருந்தது. அருமையாகத்தான் தொடங்கினார். இந்த நகரத்தின் கைகால் நாங்கள்தான் என்றார். மழையில் கூப்பிட்டால் யார் வருவார், சைக்கிளா வரும் என்றார். மேசையைத் தட்டினார். ஹாரன் “கேளுங்கம்மா!” என்றார், டீ நடுங்கியது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கைதட்டல் கேட்ட மனிதன் எவன் நிறுத்தியிருக்கிறான்?

“அதெல்லாம் ஒரு வண்டியா மேடம்? பிரேக் பிடிச்சா கத்துது. மணி அடிச்சா கேக்காது. சீட்டைத் தூக்கி வெச்சா, கால்வாய்ப் பாலம் ஏறறதுக்குள்ள தானா இறங்கிடுது!”

இடது பக்கத்திலிருந்து ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம்.

“இறங்காது.”

அக்கா எழுந்து நின்றிருந்தாள். யாரும் அவளைப் பேச அழைக்கவில்லை.

“என்ன இறங்காது?” என்றார் அதிகாரி அம்மா.

“சீட்டு மேடம். பழசுல இறங்கும். இடது ஓரத்துல நிக்கற வண்டில இறங்காது. திருகுமறை மாத்தி, நானே இறுக்கி வெச்சிருக்கேன். எவ்வளவு உயரமான ஆளு உக்காந்தாலும் இறங்காது. வேணும்னா அவரையே கேளுங்க.”

அத்தான் வாய் திறந்தபடியே நின்றார். காதுமடல் சிவந்துகொண்டு வந்தது. அவர் இடுப்பு சமீபத்தில் வலிக்கவில்லை என்பது அவருக்கு அந்த நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சங்கத்தில் ‘யூ-டர்ன்’ என்று பெயரெடுத்த ஓட்டுநர்.

“அக்கா, அப்ப அந்த வலது ஓரத்து வண்டி? செயின் கழண்டுக்கிட்டே இருக்கே?”

“நாளைக்குப் பாக்கறேண்ணே.”

“டேய்!” என்று ஹாரன் திரும்பினார். “நீயுமாடா?”

“ஏன், நீங்க நீலக் கைக்குட்டை கட்டிக்கிட்டு என் முன்னாடி போறது எனக்குத் தெரியாதா தலைவரே?”

அவ்வளவுதான், உடைந்தது. தினமும் விடியற்காலையில் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு, சைக்கிள் எதிர்ப்புச் சங்கம் முழுவதும் வாசல் ஸ்டாண்டில் சைக்கிள் எடுத்துத்தான் தத்தம் காருக்குப் போயிருக்கிறது. பக்கத்தில் மிதிக்கிற முகமூடிக்காரன் யார் என்று ஒவ்வொருவரும் கண்டும் காணாமல். ஸ்டாண்ட் பின்வாசலுக்குப் போனால் சைக்கிள் எடுக்கவே நிலையத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதை யோசிக்காமலே எல்லாரும் கோரிக்கைக்குக் கை தூக்கியிருக்கிறார்கள்.

முதலில் சிரித்தது ஆராய்ச்சிக்காரர். தன் திரையைப் பார்த்து, எறும்பு வரிசையைப் பார்த்து, தொப்பிகளைப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அப்ப சைக்கிள்தான் கார்களையே தெருவுக்குக் கொண்டுவருது” என்றார். தன் தவறு தன் முடிவைவிடப் பெரிய முடிவாகிவிட்ட பெருமை அவருக்கு.

அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ஜெயித்த முகம் அல்ல அது. தன் வேலையைக் குறை சொன்னால் எவனாக இருந்தாலும் விடமாட்டேன் என்கிற முகம். பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் ஊசியை எடுத்துக்கொண்டு போவது என் பிழைப்பு. பெரும்பாலும் பலூன்தான் இருக்கும். அன்று ஊசியோடு போனேன். இருந்தது டயர்.

6

அதிகாரி அம்மா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கேட்டார்: “கோரிக்கை இருக்கா, இல்லையா? சங்கத்துக்காரங்க இப்பவே கை தூக்கிச் சொல்லுங்க.”

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செயலாளர் கை எழும்பாமல் மற்ற எந்தக் கையும் எழும்பாது. எல்லாரும் அத்தானின் வலது கையைப் பார்த்தார்கள். அது அவர் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் அதைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள்.

இங்கே எனக்கு முடிவுகள் வரிசை கட்டி நிற்கின்றன.

போக்குவரத்து அலுவலகம் விரும்பும் முடிவு: கை எழும்பவில்லை. அத்தான் அறையைக் கடந்து வந்து அக்காவின் கையைக் குலுக்குகிறார். கைதட்டல். இருவரும் சைக்கிளும் காருமாக ஒரு புதிய நகரத்தை நோக்கி— இதற்கு மேல் எழுத என் கை எழும்பவில்லை.

அத்தான் விரும்பும் முடிவு: கை எழுகிறது. மெல்ல எழுகிறது. “குடுத்த வாக்கு வாக்குதான்” என்கிறார் உடைந்த குரலில். ஸ்டாண்ட் பின்வாசலுக்குப் போகிறது. அன்று முதல் அவர் மைதானத்துக்கு நிஜமாகவே நடக்கிறார்.

“‘நெஞ்சை நிமிர்த்தி’ன்னு சேர்த்துக்கோ மச்சான்” என்றார் அத்தான், வரைவை எட்டிப் பார்த்து.

“அக்காவோட வேன் போயிடுமே அத்தான்?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அந்தத் திருகுமறை அவ எப்ப மாத்தினா?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியல” என்றார். முகத்தில் ஏதோ ஒரு மெடல் வாங்கினவன் மாதிரி ஒரு சிரிப்பு.

எனக்குத் தோன்றிய முடிவு: அதிகாரி அம்மாவுக்கு அவசர போன் வருகிறது, விசாரணை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது. இயல்பானது, நம்பத்தகுந்தது, யாருக்கும் நோகாதது.

(ஒத்திவெச்சாங்கன்னு எழுதறதுக்கு எழுத்தாளர் எதுக்கு? ஆபீஸ்காரங்களே போதுமே. — அக்கா)

“சரி, நீயே சொல்லு, எப்படி முடிக்கட்டும்?” என்றேன்.

“எப்படி வேணா முடி. கை தூக்கினாலும் தூக்காட்டியும் காலைல நான் போகணும். ஸ்டாண்டை ஒரே ராத்திரில பிடுங்கிட முடியுமா? அந்த ஆபீஸ்ல ஒரு பூச்சாடில பூ வைக்கவே முடியல.”

7

அந்தக் கையை உங்களிடம் விடுகிறேன். நீங்களே தூக்குங்கள், அல்லது கீழேயே விடுங்கள். தூக்கினால் ஒரு வேன் போகும். தூக்காவிட்டால் ஒரு பதவி போகும். இரண்டையும் காப்பாற்றுகிற முடிவு ஏதாவது தோன்றினால், தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

ஆனால் மறுநாள் காலையை விட்டுத்தர மாட்டேன். அது என்னுடையது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நேரத்துக்கு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசல் ஸ்டாண்டுக்குப் போனேன். அக்காவின் வேன் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. சைக்கிள்கள் வரிசை பிடித்து நின்றன. எல்லாச் சீட்டும் நடுக்கோட்டில், நூல் பிடித்த மாதிரி. வலது ஓரத்து வண்டியின் செயினில் புது எண்ணெய் பளபளத்தது.

இடது ஓரத்து வண்டியின் சீட்டு மட்டும் உச்சியில் இருந்தது. எந்த விதியையும் மீறாதவள் தூக்கி வைத்த சீட்டு.

இரண்டு கையாலும் பிடித்து அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. ஏறி உட்கார்ந்தேன், கால் தரைக்கு எட்டவில்லை, பெடலுக்கும் எட்டவில்லை. ஊரே பார்க்கிறதோ என்று அவசரமாக இறங்கினேன்.

(அதையும் எல்லா வண்டியையும் இறுக்கற மாதிரிதான் இறுக்கினேன். நீ சும்மா கதை கட்டாதே. — அக்கா)

சந்து முனையிலிருந்து ஒரு தொப்பி வந்துகொண்டிருந்தது, மற்றத் தொப்பிகளைவிட ஒரு தலை உயரத்தில். முகத்தில் கைக்குட்டை இல்லை. நான் நகர்ந்து வழிவிட்டேன்.